கையெழுத்துப் போட்டுத்தானே வேலைக்கு வந்தார்கள்?

4 ஆகஸ்ட் 2025

தேவகோட்டை நண்பர் கேட்டிருப்பது, அப்படியே: "சென்னையில் ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒப்பந்தம் என்று தெரிந்து, கையெழுத்துப் போட்டுத்தானே வேலைக்கு வந்தார்கள்? இப்போது நிரந்தரம் கேட்டால் எப்படி? நல்லவேளை, நம் செட்டிநாட்டுப் பக்கம் இந்தக் கூத்தெல்லாம் இல்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்."

விவரம் தெரிந்தவன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம் போனால் வரும் ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம், நாளைக்கும் கடை திறக்கணும். ஆதார் திருத்தம், பட்டா, பி.எஃப். பாஸ்புக் எல்லாம் எடுத்துக் கொடுப்பேன்.

நீங்கள் சொல்லும் அந்தக் கையெழுத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நாலு வருஷம் முன்பு எங்கள் ஊர்த் தூய்மைப் பணிக்குப் புது ஒப்பந்ததாரர் வந்த வாரம், மேஸ்திரி பதினெட்டுப் பேரைக் கடைக்குக் கூட்டி வந்தார். ஆளுக்கு ஆதார் நகல் இரண்டு, பேங்க் பாஸ்புக் நகல் ஒன்று, போட்டோ. அப்புறம் ஒரு ஃபாரம், முழுக்க ஆங்கிலம். கோடு போட்ட இடமெல்லாம் காலி, சம்பளம் எழுத வேண்டிய இடமும் காலி. எங்கள் தெருவைப் பெருக்கும் அக்கா என்னைப் பார்த்து, "என்ன தம்பி எழுதியிருக்கு?" என்றார். நான் படிக்கத் தொடங்குவதற்குள் மேஸ்திரி, "ஒண்ணுமில்லக்கா, பழசு மாதிரியேதான்" என்றார். அக்கா பேனாவை வாங்கி மூன்று எழுத்தை நிதானமாக எழுதினார். மற்றவர்களில் பாதிப் பேர் பெருவிரல் மை.

பழசு மாதிரியேதான் என்பது ஒருவகையில் நிஜம். அதே தெரு, அதே தள்ளுவண்டி, அதே மேஸ்திரி. அக்கா இந்த வேலைக்கு வந்தது 2012இல். ஆனால் வேலையில் சேர்ந்த நாள் என்ற இடத்தில் பிற்பாடு விழுந்தது அந்த வாரத்துத் தேதி. டெண்டர் மாறினால் ஒன்பது வருஷமும் பூஜ்யம்.

5 ஆகஸ்ட் 2025

நேற்று எழுதியதில் ஒரு குழப்பம். சென்னைக்காரர்களையும் எங்கள் ஊர்க்காரர்களையும் ஒரே கூடையில் போட்டுவிட்டேன். அங்கே ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில், அதாவது 5, 6இல், வேலை செய்தவர்கள் ஒப்பந்ததாரரிடம் இருந்தவர்களே இல்லை. தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் வழியாக மாநகராட்சியே வைத்திருந்தது. இப்போது அந்த மண்டலங்களைத் தனியாரிடம் கொடுக்கிறார்கள். மாதம் 23,000 சுமாருக்கு வாங்கியது 16,000 சுமாருக்கு இறங்கிவிடும் என்பது அவர்கள் முறையீடு. ஆக அவர்கள் போட்ட கையெழுத்து எதுவும் பிரச்சினை இல்லை. இனிமேல் போடச் சொல்வதுதான் பிரச்சினை.

7 ஆகஸ்ட் 2025, இரவு

"சம வேலைக்குச் சம ஊதியம் என்பது கோஷம், கணக்குச் சொல்லுங்கள்" என்று ஒருவர். சொல்கிறேன், கணக்குத்தான் என் பிழைப்பு.

எங்கள் ஊரில் தேர்முட்டிக்குக் கிழக்கே ஒரு நிரந்தரப் பணியாளர், மேற்கே அக்கா. நிரந்தர ஆளுக்கு அடிப்படைச் சம்பளம் 15,700இல் தொடங்குகிறது. அதன்மேல் பாதிக்கு மேலாக அகவிலைப்படி, வீட்டு வாடகைப்படி, வருஷா வருஷம் ஊதிய உயர்வு, ஈட்டிய விடுப்பு. மேற்கே நின்றால் இதில் எதுவும் இல்லை. வராத நாளுக்குச் சம்பளம் இல்லை, அவ்வளவுதான். தேர் நின்றால் இரண்டு பேரும் ஒரே குப்பையைத்தான் அள்ளுகிறார்கள்.

அடுத்து பிடித்தம். எளிதாக இருக்கட்டும் என்று சம்பளப் பட்டியலில் மாதம் 12,000 என்று வைத்துக்கொள்வோம் (உண்மைத் தொகை வேறு). தொழிலாளி பங்கு பி.எஃப். 12 சதவீதம், 1,440. இ.எஸ்.ஐ. 0.75 சதவீதம், 90. கைக்கு 10,470 வரவேண்டும். அக்கா கைக்கு வருவது இந்தக் கணக்கில் 8,520. நடுவில் 1,950 எங்கே போனது என்று மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். முதலாளி பங்கு! பி.எஃப்.க்கு நிர்வாகச் செலவோடு 13 சதவீதம் 1,560, இ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதம் 390. கூட்டிப் பாருங்கள். ஒப்பந்ததாரர் தன் பங்கையும் அக்கா சம்பளத்திலேயே பிடித்திருக்கிறார். பி.எஃப். திட்டத்தில் இது வெளிப்படையாகத் தடை செய்யப்பட்டது.

பிடித்ததையாவது கட்டினாரா என்றால், பாஸ்புக்கைத் திறந்தேன். (திறப்பதற்கே ஓ.டி.பி. மகன் போனுக்குப் போய், அவன் திருப்பூரில் ஷிப்டில் இருந்து, இரண்டு மணி நேரம்.) சில மாதம் இருக்கிறது, சில மாதம் இல்லை. முந்தின ஒப்பந்ததாரர் காலத்துக்கு வேறு யூ.ஏ.என். (பி.எஃப். கணக்கு எண்), அதில் அப்பா பெயர் இருக்கும் இடத்தில் வீட்டுக்காரர் பெயர். அந்தப் பணம் அங்கேயே கிடக்கிறது.

8 ஆகஸ்ட் 2025

"நீங்கள் எந்தச் சங்கம்?" என்று ஒருவர். நான் எந்தச் சங்கத்திலும் இல்லை. நான் இருக்கும் ஒரே குழு எங்கள் தெரு வாட்ஸாப் குழு. அதிலும் காலை வணக்கம் படம் போடாததால் என்னை யாருக்கும் பிடிக்காது.

11 ஆகஸ்ட் 2025

சட்டம் பற்றிக் கேட்டவர்களுக்கு. அரசியல் சாசனத்தின் 39வது பிரிவு, ஈ உட்பிரிவு, ஆண் பெண் இருவருக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் என்கிறது. அது அரசுக்கு வழிகாட்டும் நெறிதான், நேராக வழக்குப் போட முடியாது என்பார்கள். ஆனால் 1982இல் ரந்தீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைச் சமத்துவ உரிமையோடு சேர்த்துப் படித்தது. 2016 அக்டோபரில் ஜக்ஜித் சிங் வழக்கில், தற்காலிகப் பணியாளர்கள் நிரந்தரப் பணியாளரின் அதே வேலையைச் செய்தால், அந்த ஊதிய விகிதத்தின் குறைந்தபட்சத்தையாவது கொடுக்கவேண்டும் என்று தீர்ப்பு. ஆக அக்காவுக்கு 15,700உம் அகவிலைப்படியும் வந்தாகவேண்டும். இவ்வளவு தெளிவாக இருக்கிறது.

இன்னொன்று. ஒருவர் 240 நாள் வேலை பார்த்துவிட்டால் நிரந்தரம் ஆகிவிடுவார்.

12 ஆகஸ்ட் 2025

நேற்று சொன்னதில் பாதி தப்பு. திருச்சியில் தொழிலாளர் வழக்கு நடத்தும் பழைய வகுப்புத்தோழன் போன் போட்டுத் திட்டினான்.

முதல் தப்பு: 240 நாள் என்பது தொழில் தகராறு சட்டத்தில் ஆட்குறைப்புக்கு முன் நோட்டீசும் இழப்பீடும் தருவதற்கான கணக்கு. நிரந்தரத்துக்கு இல்லை. நிரந்தரம் பேசுவது தமிழ்நாட்டின் 1981ஆம் வருஷச் சட்டம். 24 மாதத்தில் 480 நாள். அதிலும் உள்ளாட்சி அமைப்பு அந்தச் சட்டத்தின் 'தொழில் நிறுவனம்' என்ற வரையறைக்குள் வருமா, ஆள் யாருடைய தொழிலாளி என்று அங்கேயே வழக்கு நின்றுவிடும்.

இரண்டாவது: ஜக்ஜித் சிங் வழக்கில் இருந்தவர்கள் அரசே நேரடியாக வைத்துக்கொண்ட தற்காலிகப் பணியாளர்கள். நடுவில் ஒப்பந்ததாரர் இருந்தால் வண்டி வேறு பாதை. 1970ஆம் வருஷ ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில், முதன்மை வேலையளிப்பவர் (அதாவது ஒப்பந்ததாரரிடம் வேலையைக் கொடுத்த அலுவலகம்) நேரடியாக வைத்திருக்கும் ஆளின் வேலையையே ஒப்பந்தத் தொழிலாளி செய்தால் அதே கூலி, அதே விடுமுறை தரவேண்டும் என்று லைசென்ஸ் நிபந்தனையே இருக்கிறது. ஒரே வேலையா இல்லையா என்று சந்தேகம் வந்தால் தொழிலாளர் துறை அதிகாரிதான் முடிவு செய்யவேண்டும். எங்கள் ஊரில் அப்படி யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்க வேண்டும் என்றுகூட எனக்கு நேற்றுவரை தெரியாது.

அவன் சொன்ன இன்னொரு விஷயம் தூக்கத்தைக் கெடுத்தது. ஒப்பந்ததாரர் கூலி கொடுக்கும்போது முதன்மை வேலையளிப்பவரின் ஆள் ஒருவர் பக்கத்தில் நின்று, கொடுத்த தொகையைச் சான்றளிக்க வேண்டுமாம். 21வது பிரிவு. ஒப்பந்ததாரர் குறைத்துக் கொடுத்தால் மீதியை அலுவலகம் கொடுத்துவிட்டு அவரிடம் வசூல் செய்துகொள்ள வேண்டும். எங்கள் ஊரில் கூலி கொடுக்கும் இடம் டீக்கடை. சான்று டீ மாஸ்டர்தான்.

14 ஆகஸ்ட் 2025, காலை

ராத்திரி ரிப்பன் மாளிகை வாசலில் இருந்த எல்லாரையும் அப்புறப்படுத்திவிட்டார்கள். நடைபாதையை விட்டு எழுப்பச் சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவு வந்தது, நடு ராத்திரிக்குள் போலீஸ் பஸ்ஸில் ஏற்றியாயிற்று. 13 நாள்.

அக்கா காலையில் வண்டியைக் கடை வாசலில் நிறுத்தி என் போனில் வீடியோ பார்த்தார். ஒரு பொண்ணைக் கையும் காலும் பிடித்துத் தூக்குகிறார்கள். "கைல கிளவுஸ் போட்டிருக்காங்க பாரு தம்பி, போலீஸ்காரங்க" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. எங்கள் ஊரில் கையுறை கடைசியாக வந்தது போன பொங்கலுக்கு.

15 ஆகஸ்ட் 2025

அமைச்சரவை கூடி, இலவசக் காலை உணவு, பணியில் இறந்தால் 10 லட்சம், பிள்ளைகள் படிப்புக்கு உதவி, சுயதொழில் கடனுக்கு மானியம் என்று அறிவித்திருக்கிறார்கள். "இதற்கு மேல் என்ன வேண்டும்?" என்கிறார் தேவகோட்டை நண்பர். ஐயா, விடிகாலை அஞ்சு மணிக்குக் காலி வயிற்றோடு வருபவருக்கு இட்லி பெரிய விஷயம்தான், கிண்டல் பண்ண மாட்டேன். ஆனால் கேட்டது வேலை, கிடைத்தது டிபன்.

17 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

விஷயம் விட்டு விஷயம் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செட்டிநாட்டில் கூத்தெல்லாம் இல்லை என்று நண்பர் சொன்னது மனசில் கிடக்கிறது. நம் வீடுகளைப் பாருங்கள். முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு வாசல் அடுத்த தெருவில். கானாடுகாத்தானில் வந்து படம் எடுப்பவர்கள் எல்லாரும் முகப்பைத்தான் எடுக்கிறார்கள். குப்பைக்காரருக்கு அந்த வீட்டின் முகமே பின்வாசல்தான். எடுப்புக் கக்கூஸ் காலத்தில் அதற்கென்று சந்துப் பக்கம் ஒரு சின்னக் கதவு. எங்கள் அப்பத்தா அப்படி ஒரு பெரிய வீட்டில் சமையல் வேலை பார்த்தவர். அவரும் பின்வாசல் வழியாகத்தான் போய் வருவார். ஆனாலும் எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் கேட்டு வந்தவருக்கு உயரத்திலிருந்துதான் ஊற்றுவார், சொம்பைக் கொடுக்க மாட்டார். வந்தவர் அப்பத்தாவைவிட மூத்தவர். அவரை அப்பத்தா கூப்பிட்ட சொல்லை இங்கே எழுத மாட்டேன்.

2020இல் துப்புரவுப் பணியாளர் என்பதைத் தூய்மைப் பணியாளர் என்று அரசு மாற்றியது. நல்லதுதான். எங்கள் தெருவில் இன்னும் "ஏம்மா குப்பை"தான்.

ஒரு அறுபதாம் கல்யாணத்துக்குப் பெரிய வீடு திறந்தால் மூன்று நாள் பந்தி. வாழை இலை தனியாகக் கனக்காது. மிச்ச ரசமும் பாயசமும் சேர்ந்து ஈரத்தோடு கூடை நிறைந்தால் ஒரு ஆளால் தூக்க முடியாது. அதற்கு வீட்டுக்காரர் தனியாக இருநூறு, முந்நூறு கொடுப்பார். அதை "வருமானம்" என்று சொல்லித்தான் சம்பளக் குறைவை எல்லாரும் நியாயப்படுத்துகிறார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். தைப்பூசத்துக்குப் பழனி நடைப்பயணம் குன்றக்குடியைத் தாண்டின மறுநாள் அந்த ரோட்டுக்குப் போய்ப் பாருங்கள், பேப்பர் கப்பை எண்ண ஆரம்பித்தால் முருகனே களைத்துவிடுவார். அங்கே இருநூறு ரூபாய் கொடுக்க வீட்டுக்காரர் யாரும் இல்லை.

தங்கள் ஊரில் எந்தத் தொகையைக் கூலியாகக் கேட்பது என்று கோட்டையூர்ப் பக்கத்து நண்பர் கேட்டதற்கும் இங்கேயே. 2024இல் காரைக்குடி மாநகராட்சி ஆனபோது கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் சுற்றுவட்ட ஊராட்சிகள் சிலவும் அதில் சேர்ந்தன. உள்ளாட்சிப் பணிக்கு 2017இல் வந்த குறைந்தபட்ச ஊதிய அரசாணை, சங்கத்தார் "அறுபத்திரண்டு" என்று சொல்வது, உள்ளாட்சியின் தரத்தைப் பொறுத்துத் தொகையை வைக்கிறது. ஆகவே உங்கள் ஊர்ப் பலகையில் மாநகராட்சி என்று எழுதிய நாளிலிருந்து மாநகராட்சித் தொகையைக் கேட்பது நியாயம். கிராம ஊராட்சித் தூய்மைக் காவலர்கள் கதை இன்னும் மோசம். மாதம் 3,600 ஆக இருந்து 5,000 ஆனது. நாளுக்கல்ல, மாதத்துக்கு.

2 செப்டம்பர் 2025

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு வாரம் யோசித்தேன்.

முதல் நாள் நான் ஏதோ வேடிக்கை பார்த்தவன் மாதிரி எழுதினேன். அப்படி இல்லை. முந்தின ஒப்பந்ததாரருக்கு இரண்டு வருஷம் சம்பளப் பட்டியல் அடித்துக் கொடுத்தது நான்தான். பக்கத்துக்கு 20 ரூபாய். மாதம் இரண்டு பட்டியல் வரும். கூலி கொடுக்க ஒன்று, அதில் பதினெட்டுப் பேர். அலுவலகத்துக்கு ஒன்று, அதில் இருபத்து நாலு பேர். கூடுதல் ஆறு பேரில் ஒருவரை எனக்குத் தெரியும், என்னோடு படித்தவன். அவன் மலேசியாவில் இருந்துகொண்டே எங்கள் ஊர் வாய்க்காலில் மாதம் 26 நாள் சேறு அள்ளியிருக்கிறான்.

அந்த ஆறு பேர் வேலையும் பதினெட்டுப் பேர் தலையில்தான் விழுந்தது. டெண்டரில் குறைந்த தொகை கேட்டவருக்குத்தான் வேலை கிடைக்கும். டீசல் விலையைக் குறைக்க முடியாது, கமிஷனைக் குறைக்க முடியாது. குறைக்க முடிந்தது கூலி ஒன்றுதான், அது குறைகிற இடம் என் கீபோர்டு. நான் அப்போது யோசித்தது எழுத்துப்பிழை பற்றி மட்டும்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. ஒரு வருஷம் மார்ச் 31இல் டெண்டர் முடிந்தது, புது உத்தரவு மே நடுவில்தான் வந்தது. அந்த ஆறு வாரமும் அக்கா தினமும் வந்தார், நான் பார்த்தேன். பட்டியல் அடிக்கச் சொல்லி யாரும் வரவில்லை. காகிதத்தில் அந்த ஆறு வாரம் எங்கள் ஊரில் குப்பையே விழவில்லை.

3 செப்டம்பர் 2025

"அந்தப் பட்டியல் இருக்கிறதா?" என்று நாலு பேர். பழைய கம்ப்யூட்டரில் இருந்தது. ஹார்டுடிஸ்க் போய்விட்டது. நம்பினால் நம்புங்கள்.

22 அக்டோபர் 2025

தீபாவளிக்கு ஒப்பந்ததாரர் ஆளுக்கு அரைக் கிலோ ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தார். போனஸ் என்று அக்கா கேட்டதற்கு, "அதெல்லாம் கம்பெனிக்காரங்களுக்கு" என்று பதில். உள்ளாட்சியின் சொந்தப் பணியாளருக்கு போனஸ் சட்டம் பொருந்தாது, சரி. ஆனால் இவர்கள் ஒப்பந்ததாரர் ஆட்கள் என்றுதானே ஊருக்கெல்லாம் சொல்கிறீர்கள்? அப்படியானால் 8.33 சதவீதம் குறைந்தபட்சம். மாதம் 7,000 அல்லது குறைந்தபட்ச ஊதியம், எது அதிகமோ அதை வைத்துக் கணக்கு. 7,000 என்று வைத்தாலே வருஷத்துக்கு ஏறக்குறைய 7,000 ரூபாய். நிரந்தரம் கேட்டால் ஒப்பந்ததாரர் ஆள், போனஸ் கேட்டால் பேரூராட்சி ஆள்.

மைசூர்பாகு எனக்கும் ஒன்று கொடுத்தார். கல்.

25 நவம்பர் 2025

நாலு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் 21ஆம் தேதி நடைமுறைக்கு வந்துவிட்டன. 1970ஆம் வருஷச் சட்டம் போய், பணியிடப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் ஒப்பந்தத் தொழிலாளர் வந்திருக்கிறார்கள். ஆகஸ்டில் நான் எழுதிய பிரிவு எண்களை எல்லாம் இனிப் பழைய கணக்கு என்று வையுங்கள்.

புதுச் சட்டத்தில் ஒரு நிறுவனத்தின் மைய வேலைக்கு ஒப்பந்த ஆள் வைக்கக் கூடாது என்று இருக்கிறது. (விதிவிலக்குகள் நிறைய.) ஆகா என்று படித்துக்கொண்டு போனால், எவை மைய வேலை இல்லை என்ற பட்டியலில் முதலாவதாகவே நிற்பது துப்புரவு. பெருக்குவது, சுத்தம் செய்வது, எல்லாவகைக் குப்பையும் சேகரிப்பது, அகற்றுவது. கடையை அன்றைக்குச் சீக்கிரம் சாத்திவிட்டேன்.

திருச்சிக்காரன்தான் மறுபடி தூக்கிவிட்டான். அந்தப் பட்டியலுக்கே ஒரு நிபந்தனை உண்டாம்: நிறுவனம் அந்த வேலைக்கென்றே அமைக்கப்பட்டதாக இருந்தால் விலக்கு கிடையாது. ஒரு துணி மில்லுக்குப் பெருக்குவது பக்க வேலை. ஒரு நகராட்சிக்கு? அரசியல் சாசனத்தின் 12வது அட்டவணையில் நகராட்சியின் வேலைகளில் பொதுச் சுகாதாரம், துப்புரவு, திடக்கழிவு மேலாண்மை என்று எழுதியே இருக்கிறது. "அதுக்கு இல்லாட்டி நகராட்சி எதுக்குடா, பிறப்புச் சான்றிதழ் கொடுக்க மட்டுமா?" என்றான். நீதிமன்றம் இதை ஏற்குமா என்று கேட்டேன். "கேட்டால்தானே தெரியும்" என்றான். வக்கீல் பேச்சு.

26 நவம்பர் 2025

"உமாதேவி தீர்ப்பு இருக்கும்வரை யாரையும் நிரந்தரமாக்க முடியாது" என்று எழுதியவருக்கு. உச்ச நீதிமன்றத்தின் அந்த 2006 தீர்ப்பு பின்வாசல் நியமனத்தைத் தடுக்க வந்தது. 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில், மத்திய நீர் ஆணையத்தில் வருஷக்கணக்காகக் கூட்டிப் பெருக்கிய பெண்களை நீக்கியதை உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, அவர்களை நிரந்தரமாக்கச் சொன்னது. நெடுங்காலம் உழைத்தவரை மறுக்க உமாதேவியை ஆயுதமாக்காதீர்கள் என்றது. அவர்கள் நேரடியாக வைக்கப்பட்டவர்கள், அது நமக்கு இடிக்கிறது. ஒப்பந்ததாரர் நடுவில் இருந்தால் உச்ச நீதிமன்றத்தின் 2001 தீர்ப்புப்படி தானாக நிரந்தரம் வராது. அந்த ஒப்பந்தமே வெறும் முகமூடி என்று தொழில் தீர்ப்பாயத்தில் காட்டினால் மட்டும் வரும்.

எங்கள் ஊரில் நாலு ஒப்பந்ததாரர் மாறியும் மேஸ்திரியும் ஆட்களும் தெருவும் மாறவில்லை. முகமூடி என்பதற்கு வேறென்ன அடையாளம்? ஆனால் நேர் சாட்சியான பட்டியலை அடித்தவன் நான், ஹார்டுடிஸ்க் போனவனும் நான்.

7 டிசம்பர் 2025

சாட்சி சொல்ல நீங்கள் வருவீர்களா என்று என்னையே கேட்டிருக்கிறார் தேவகோட்டை நண்பர். ஆகஸ்டில் கேள்வி கேட்டவர், இப்போது எதிர்க்கேள்வி கேட்கிறார். போவேன் என்று நினைக்கிறேன். கடை வாடகைக் கட்டிடம், யாருடையது என்பது வேறு கதை.

14 டிசம்பர் 2025

2002இல் ஒரு வனத்துறை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: இத்தனை நாள் வேலை பார்த்தேன் என்று தொழிலாளிதான் நிரூபிக்கவேண்டும், வெறும் பிரமாண வாக்குமூலம் போதாது. இதை அக்காவிடம் சொன்னது போன வாரம். வருகைப் பதிவேடு ஒப்பந்ததாரரிடம், பட்டியல் அலுவலகத்தில், உன்னிடம் என்ன இருக்கிறது என்று கேட்டேன். பதில் சொல்லாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

இன்று மத்தியானம் வந்தார், கையில் ஒரு பழைய சேலையில் சுற்றிய மூட்டை. உள்ளே மாதக் காலண்டர்கள். நகைக்கடை, உரக்கடை, பலசரக்குக் கடை கொடுத்தது. 2014இலிருந்து, நடுவில் 2018 மட்டும் இல்லை (கூரை ஒழுகி நனைந்துவிட்டதாம்). வேலைக்கு வந்த நாளில் தேதியைச் சுற்றி ஒரு வட்டம். வராத நாளில் ஒரு கோடு, பக்கத்தில் "காச்ச", "பேத்தி காது குத்து". அந்த ஆறு வாரத்தைத் தேடினேன். ஏப்ரல் முழுக்க வட்டம். ஏப்ரல் 14இல்கூட.

இது மட்டும் போதாது, அவர் கையால் போட்ட வட்டம்தானே என்பார்கள் என்று எனக்குத் தெரியும். இ.எஸ்.ஐ. சீட்டு, பாஸ்புக் வரவு, தெருக்காரர்கள் எழுத்தில் தருவது, என் வாக்குமூலம், எல்லாம் சேர்த்துத்தான் வைக்க வேண்டும். முதலில் நகல் எடுப்போம் என்று உட்கார்ந்தேன். காலண்டர் ஜெராக்ஸ் கண்ணாடியைவிடப் பெரிது. ஒவ்வொரு மாதத்தையும் மேல்பாதி, கீழ்பாதி என்று இரண்டாக எடுக்க வேண்டியிருந்தது. 2016 வரை முடித்துவிட்டு டோனர் மாற்ற எழுந்தேன்.

அக்கா ஒரு தாளைத் திருப்பிப் பார்த்தார். "பின்னாடி பால் கணக்கு இருக்கு தம்பி. அதையும் எடுக்கணுமா?"